மேட்ச் சொல்லப் போனவன்

மேல் வீட்டுப் பையன் சென்ற வாரம் ஒரு கால்பந்து ஆட்டம் பார்ப்பதற்காக விமானத்தில் கொச்சிக்குப் போய்விட்டு மறுநாளே திரும்பிவிட்டான். பையன் என்று சொல்கிறேனே தவிர, முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தொண்டை கட்டிப்போய் லிஃப்டில் நின்றவனிடம் ஆட்டம் எப்படி என்று கேட்டேன்.

"செம அங்கிள். ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சிட்டோம்."

"நமக்கு எத்தனை கார்னர் கிடைச்சுது?"

ஒரு மாதிரி பார்த்தான். "அதெல்லாம் போன்லயே வந்துடும் அங்கிள். பாத்துக்கலாம்."

கோல் கீப்பர் எத்தனை பந்து தடுத்தான் என்று கேட்டேன். அதுவும் போனில் வருமாம்.

"சரி, அவ்வளவு தூரம் போயிட்டு வந்தியே, யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாருக்கு அங்கிள் சொல்றது? எல்லாரும் வீட்லயே பாத்திருப்பாங்களே."

அதற்குள் என் மாடி வந்துவிட்டது. இறங்கிக்கொண்டேன். ஆனால் அவன் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் மேட்ச் சொன்ன காலத்தில் முடிவை முதலில் சொன்னவனுக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காது.

அன்று மாலை நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை எனக்கு நிம்மதி. நின்றால்தான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். "டேங்க் நெறஞ்சா நிக்கத்தானப்பா செய்யும்" என்று என் மகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் இருபத்திரண்டு வயதில் ஒருவனைப் பம்பு ஹவுசில் உட்காரவைத்து, இது நின்றால் ஊரே போச்சு என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் அது எளிதில் போகாது.

நெய்வேலியில் அப்போதுதான் பூமியைத் திறந்துகொண்டிருந்தார்கள். நிலக்கரி என்றால் கறுப்பாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். காய்ந்த சாணி நிறத்தில் பழுப்பாக இருந்தது. அதற்கடியில் தண்ணீர். சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை, மேலே வரத் துடித்துக்கொண்டிருக்கிற தண்ணீர். சுரங்கத்தைச் சுற்றிலும் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கீழே இருப்பவர்கள் கால் நனையாமல் வேலை செய்ய முடியும். அந்தப் பம்புகளில் ஒரு வரிசைக்கு நான் ஆபரேட்டர். அழுத்தமானி முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் எழுதுவதும்தான் வேலை. எண்ணுகிற வியாதி எனக்கு அங்கே வந்ததா, அந்த வியாதி இருந்ததால் அந்த வேலை பிடித்துப்போனதா என்று இன்றுவரை தெரியவில்லை. மாடிப்படிகளை எண்ணுவேன். சாப்பாட்டில் அப்பளம் எத்தனை துண்டாக உடைந்தது என்று எண்ணுவேன். என் மனைவி இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சுரங்கத்து ஆட்களைக் கொண்டு அப்போது ஒரு கால்பந்து டீம் இருந்தது. நாகர்கோவில்காரன், கோயமுத்தூர்க்காரன், வேலூர்க்காரன் என்று எல்லா ஜில்லாவும் அதில் உண்டு. நாலு பேருக்கு பூட்ஸ் கிடையாது. கொடுத்தாலும் போட மாட்டார்கள், கடிக்கிறது என்பார்கள். அந்த டீம் எங்கே ஆடப் போனாலும் பின்னாலேயே போகிற கூட்டம் ஒன்றும் இருந்தது. திருச்சிக்குப் போயிருக்கிறோம். கோயமுத்தூருக்குப் போயிருக்கிறோம். ஒருமுறை ரயிலேறி கோலார் வரைக்கும் போனோம். அங்கே தங்கச் சுரங்கத்துத் தமிழர்கள் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார்கள். "உங்க மைன்ஸ் எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்கள். சொன்னோம். "அவ்வளவுதானா?" என்றார்கள். "எங்களுக்கு வேல செய்யும்போது வானம் தெரியும்" என்று எங்களில் ஒருவன் சொன்னான். ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள்.

பம்பு ஆபரேட்டர் நினைத்தபோது லீவு எடுக்க முடியாது. இன்னொரு ஆபரேட்டர் அவன் ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் போக முடியும். அதற்குப் பதில் ஷிப்ட் திருப்பிச் செய்வதெல்லாம் இல்லை. திரும்பி வந்து மேட்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கூலி. மந்தாரக்குப்பத்து டீக்கடை பெஞ்சில், நமக்காக ஷிப்ட் பார்த்தவனை நடுவில் உட்காரவைத்து, முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். யார் ஜெயித்தார்கள் என்று முன்னால் சொல்லக் கூடாது. கேட்கிறவனும் கேட்கக் கூடாது. சுரங்கத்து கேட்டில் நுழையும்போதே யாராவது கத்தியிருப்பார்கள், அவன் காதில் விழுந்துதான் இருக்கும். இருந்தாலும் தெரியாதவன் மாதிரிதான் உட்கார்ந்திருப்பான். "அப்புறம்?" என்று மட்டும் கேட்பான்.

அழகாகச் சொல்கிறவர்கள் பலர் இருந்தார்கள். எழுந்து நின்று உதைத்துக் காட்டுவார்கள். எனக்கு அது வராது. எனக்கு வந்தது கணக்கு. ஆட்டம் பார்க்கப் போகும்போது இடது பையில் ஒரு கை முந்திரிக்கொட்டை போட்டுக்கொள்வேன். தோலோடு இருக்கிற பச்சைக் கொட்டை. எங்கள் பக்கம் அது செருப்பில் மிதிபடும். எங்கள் கோல் கீப்பர் ஒரு பந்தைத் தடுத்தால் ஒரு கொட்டையை வலது பைக்கு மாற்றுவேன். சொல்லி முடித்ததும் வலது பையைப் பெஞ்சில் கவிழ்த்துக் காட்டுவேன். வியர்வையில் ஊறிய அந்தக் கொட்டையின் வாசனை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. கடைகளில் சுத்தமாக வெள்ளையாக விற்கிறார்களே, அதில் அந்த வாசனை இல்லை.

என் கணக்கைக் கேட்பதற்காகவே எனக்காக ஷிப்ட் பார்த்தவன் கலியமூர்த்தி. கம்மாபுரம் பக்கத்துக்காரன். என் வயதுதான், ஆனால் பார்த்தால் பத்து வயது கூடுதலாகத் தெரியும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை உண்டு என்று அப்போது பேச்சு. அவன் வீட்டில் கொடுப்பதற்கு நிலம் இருந்ததில்லை. தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். எட்டாம் வகுப்புவரை எப்படியோ படித்து, அவனாகவே வந்து வரிசையில் நின்று ஆபரேட்டர் ஆனவன். எங்கள் கோல் கீப்பர் ராஜவேலு அவன் தம்பி. அப்பா அம்மா இல்லாமல் அண்ணன் வளர்த்த தம்பி.

ராஜவேலு பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டது மைதானத்தில் இல்லை. பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளில் பலாப்பழம் லாரியேற்றும்போது கீழே இருப்பவன் வீசுவான், மேலே இருப்பவன் பிடிக்க வேண்டும். முள்ளோடு வருகிற பழத்தை நெஞ்சில் அணைத்து வாங்க வேண்டும், கீழே விட்டால் வெடித்துவிடும். அந்தக் கையோடு வந்தவனுக்குப் பந்து ஒரு பொருட்டே இல்லை. "அதுல என்னாண்ணே இருக்குது, வெறும் காத்து" என்பான். அவனுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, மண் அள்ளுவது. காண்ட்ராக்ட் முடிந்தால் வேலையும் முடியும். அவனை எப்படியாவது பர்மனெண்ட் ஆக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர கலியமூர்த்திக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தனக்குக் கல்யாணம் என்பதைக்கூட அதற்குப் பிறகு என்று தள்ளிவைத்திருந்தான்.

அப்படிப்பட்டவன் தம்பி ஆடுவதைப் பார்க்க வருவதில்லை. காரணம் ராசி. ஆரம்பத்தில் மூன்று ஆட்டம் வந்து பார்த்தான். கடலூரில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று, எங்கள் மைதானத்திலேயே ஒன்று. மூன்றிலும் தோற்றோம். மூன்றாவது ஆட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்தபோது யாரோ விளையாட்டாக, "கலியா, அடுத்த மேட்சுக்கு நீ எதிர் டீமு பக்கம் போயி குந்து" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அடுத்த ஆட்டத்துக்கு அவன் வரவில்லை, ஜெயித்துவிட்டோம். அத்துடன் அது முடிந்துபோயிற்று. விளையாட்டுக்குச் சொன்னவன் மறந்துவிட்டான். இவன் மறக்கவில்லை.

"மூணு ஆட்டம் ஒரு கணக்காடா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நீ எண்ணுறவன். ஒனக்குத் தெரியாதா?" என்றான். "மூணுல மூணு. இன்னா சொல்ற?"



ஒரு கோடையில் எங்கள் டீம் மதராஸில் நடந்த ஒரு போட்டியின் இறுதியாட்டத்துக்குப் போய்விட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை, டீம் உட்பட. விளையாட்டைப் பார்த்துக்கொள்கிற ஆபீசர் ஒருவர் புறப்படும் முன் எல்லோர் எதிரிலும் ராஜவேலு தோளில் கைவைத்து, "கப்போட வாப்பா. உன் பர்மனெண்டுக்கு நானே எழுதி அனுப்பறேன்" என்று சொன்னார். அன்று மாலையே அது டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் பரவிவிட்டது. கலியமூர்த்தி பம்பு ஹவுசுக்கு வந்து என் பக்கத்தில் சும்மா நின்றான். அவனுக்கு மறுநாள் முதல் ஷிப்ட், எனக்கு இரண்டாவது.

"ரெண்டையும் நானே பாத்துக்கறேன். நீ போயி நல்லா பாத்துக்கினு வா" என்றான். "ஒண்ணு வுடாம பாரு."

டீம் ரயிலில் போயிற்று. நாங்கள் பண்ருட்டியிலிருந்து மதராஸ் மார்க்கெட்டுக்குப் போகிற பலாப்பழ லாரியில் ஏறினோம். பழத்தின் மேல் சாக்கு, சாக்கின் மேல் நாங்கள். உட்கார்ந்தாலும் குத்தும், படுத்தாலும் குத்தும். ஏறும்போது எண்ணினேன், பத்தொன்பது பேர். திண்டிவனத்தில் இறங்கி டீ குடித்து ஏறும்போது எண்ணினேன், பத்தொன்பது. "வாத்தியாரே, எங்களையும் கொட்ட மாதிரி பையில போட்டுக்க" என்று ஆரோக்கியசாமி இருந்திருந்தால் சொல்லியிருப்பான். அவனும் பம்பு ஆபரேட்டர்தான், பேச்சில் கெட்டிக்காரன். வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்து அலுத்துப்போயிருந்ததால் அன்று வரவில்லை.

விடிந்து மதராஸில் இறங்கி, தெருக்குழாயில் குளித்துவிட்டு மைதானத்துக்குப் போனால், பழ வாசனை மட்டும் போகவில்லை. "யாருப்பா அது, பலாச்சுளை விக்க வந்தவங்களா?" என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டார்கள். "கோலுக்குள்ள நிக்கறவன் ஒரு சுளகூட வுடமாட்டான் பாரு" என்று எங்கள் ஆள் பதில் சொன்னான்.

அப்படித்தான் நடந்தது. மதராஸ் டீம் உயரமும் வாட்டசாட்டமுமாக, புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தது. ஆட்டம் முழுக்க எங்கள் கோலுக்கு முன்னால்தான். ராஜவேலு விழுந்து பிடித்தான், எழும்பித் தட்டினான், காலோடு காலாகப் பாய்ந்து பந்தைக் கட்டிக்கொண்டான். இடது பையிலிருந்து வலது பைக்குக் கொட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. பொதுவாக இடைவேளைக்குள் மூன்று நான்கு போகும். அன்று அதற்குள் ஐந்து போயிருந்தது.

முதல் பாதி முடியப் போகிற நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து எங்கள் ஆட்களை எண்ணினேன். பதினெட்டுதான் இருந்தது. ஊர் தெரியாத ஊரில் ஒருவன் எங்கே போனான்? ஆட்டத்தை விட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன். அத்தனை ஆயிரம் முகமும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தென்கோடியில், எங்கள் கோலுக்கு நேர் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் ஒரே ஒருவன் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். சரி, நம்ம ஆள் ஒன்றுக்குப் போக ஒதுங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். வந்த வேலையை விட்டுவிட்டு இந்த நேரத்திலா என்று எரிச்சலும் வந்தது.

அப்போது கூட்டத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. பந்து ஆபத்தான இடத்துக்கு வரும்போது அடிவயிற்றிலிருந்து எழுமே, அந்தச் சத்தம். அந்த ஆள் திரும்பிவிட்டான். கலியமூர்த்தி.

வாய் திறந்திருந்தது. இரண்டு கையும் அவனுக்குத் தெரியாமலே நெஞ்சுக்கு முன்னால் உயர்ந்து, பலாப்பழம் வாங்குகிறவன் மாதிரி விரிந்து நின்றன. அப்படியே ஒரு கணம். பிறகு அந்த முகம் மெல்லச் சிரித்தது. அவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. சட்டென்று என்னவோ நினைவுக்கு வந்தவன் மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மறுபடி சுவர் பக்கம் திரும்பிவிட்டான்.

நான் கோல் பக்கம் பார்த்தபோது மதராஸ்காரன் கார்னர் அடிக்கப் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். யார் காலிலாவது பட்டு வெளியே போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். காணாமல் போன எங்கள் ஆள் கையில் சுண்டலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

அதற்குமேல் எனக்கு ஆட்டம் ஓடவில்லை. இவன் இங்கே நின்றால் அங்கே பம்பில் யார்? கண்ணெதிரே முள் கீழே இறங்குவது மாதிரி இருந்தது. கீழே வேலை செய்கிறவர்கள் கால் நனைவது மாதிரி இருந்தது. பந்து வந்தால் கொட்டையை மாற்றினேன், அது மட்டும் கை பழக்கத்தில் நடந்தது. கடைசி நிமிடங்களில் ராஜவேலு ஒரு பந்தைத் தடுத்தான், அது தெறித்து இன்னொருவன் காலுக்குப் போயிற்று, அவன் உள்ளே தள்ளிவிட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். விசில் ஊதியபோது வேப்பமரத்தடியில் யாரும் இல்லை.

ராஜவேலு கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனேன். பர்மனெண்டைப் பற்றி அவன் பேசவில்லை.

"அண்ணங்கிட்ட எப்படிண்ணே சொல்லுவ?" என்றான்.

"மொதல்லேருந்து சொல்லுவேன்" என்றேன்.

மறுநாள் காலை வடலூரில் பஸ் மாறி வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராகப் பம்பு ஹவுசுக்கு ஓடினேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் ஓட்டத்தை நிறுத்தவில்லை. உள்ளே ஆரோக்கியசாமி சிவந்த கண்ணோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"கலியன் எங்க?"

"ஒடம்பு சரியில்லன்னான். நேத்து ரெண்டு ஷிப்ட்டும் நாந்தான், இப்ப இதுவும்" என்றான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எதுக்கு இப்படி எரைக்குது ஒனக்கு?"

"பம்பு?"

"ஓடிக்கினுதான கீது, காது கேக்கலயா? மொதல்ல போயிக் குளி. பலாக்கொட்ட நாத்தம் நாறுது."

அன்று மாலை டீக்கடை பெஞ்சில் கலியமூர்த்தி நடுவில் உட்கார்ந்திருந்தான். முறைப்படி மேட்ச் சொல்லித்தான் ஆக வேண்டும். தோற்றது ஊருக்கே தெரியும், ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. அவனும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். நானும் அவனைப் பார்க்காதவன் மாதிரி ஆரம்பித்தேன். முதல் விசில், யார் பந்தை உருட்டினார்கள், எந்தப் பக்கம் வெயில் என்று எல்லாம் சொன்னேன். அவன் "அப்புறம்?" என்றான். சொன்னேன். "அப்புறம்?" என்றான். கடைசி கோலையும் சொல்லி முடித்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

"தோத்ததுக்கு அவன் பொறுப்பில்ல. மொத்தம் பதினொண்ணு தடுத்தான்" என்று சொல்லி வலது பையைப் பெஞ்சில் கவிழ்த்தேன்.

கலியமூர்த்தி கொட்டைகளைப் பார்த்தான். விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினான்.

"பன்னெண்டு" என்றான்.

மறுபடி எண்ணினேன், பதினொன்றுதான்.

"மொத பாதி முடியறப்ப, அந்த நெட்டையன் தலையால முட்டனத ஒத்த கையால மேல தட்டிவுட்டானே. அத வுட்டுட்ட."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது. கையைக் கொட்டைகளிலிருந்து எடுத்துக்கொண்டான். பெஞ்சில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆரோக்கியசாமி தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னொரு டீ போடுப்பா, இது தண்ணியாட்டம் கீது" என்றான். நான் இடது பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து மற்றவற்றோடு வைத்தேன்.

திரும்பும்போது இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். குவார்ட்டர்ஸ் திருப்பம் வந்ததும் அவன் நின்றான்.

"ஒரே ஒரு தபாதான் திரும்பனேன்" என்றான். "அதுக்கே போயிடுச்சி."

கப்பு வராததால் ஆபீசர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காண்ட்ராக்ட் முடிந்து ராஜவேலு பலாப்பழம் ஏற்றப் போய்விட்டான். அந்தப் பருவம் முடிவதற்குள் மதராஸிலிருந்து ஆள் வந்தது. எங்களை ஜெயித்த டீமே அவனைத் தேடிக் கூப்பிட்டது. பர்மனெண்ட் வேலை, பூட்ஸ், தங்க இடம். போய்விட்டான். நான் இதை என் கணக்கில் வெற்றி என்று எழுதினேன். கலியமூர்த்தி அப்படி எழுதவில்லை. "நான் சொவத்தப் பாத்துக்கினே நின்னிருந்தா கப்பு வந்திருக்கும். இங்கயே இருந்திருப்பான்" என்றான். சுவரைப் பார்த்து நின்றபோதுதான் கோல் விழுந்தது என்று எடுத்துச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது கோல் விழவில்லை, தடுப்புதான் விழுந்தது, அதுவும் அவ்வளவு நல்ல தடுப்பு என்றும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். சிலருக்குக் கணக்கு காட்டினால் போதும், சிலருக்குப் போதாது.

அதன்பிறகு ராஜவேலு ஆடுவதைப் பார்க்க நான் மதராஸுக்குப் பல முறை போயிருக்கிறேன். எங்கள் டீமுக்கு எதிராக அவன் ஆடிய ஆட்டங்களும் உண்டு. அப்போதெல்லாம் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் கையைப் பையிலேயே வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் எனக்காகக் கலியமூர்த்தி ஷிப்ட் பார்த்தான். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து மேட்ச் சொன்னேன். கணக்கில் மட்டும் ஒன்றைக் குறைத்துச் சொன்னேன். ஏழு என்றால் ஆறு, ஒன்பது என்றால் எட்டு. ஒளிந்து வந்து பார்த்திருந்தால் அவன் திருத்துவான் என்பதற்காக. அவன் விரலால் கொட்டைகளை நகர்த்துவான், தலையை ஆட்டுவான். ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

கலியமூர்த்தி போய்ப் பல வருஷம் ஆகிறது. கருமாதிக்கு ராஜவேலு வந்திருந்தான். நரைத்துப்போயிருந்தான், விரல்கள் எல்லாம் கோணிப்போயிருந்தன. பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரேடியோலகூட என் பேரு வந்துச்சி. நான் நல்லா ஆடி அண்ணன் ஒரு மேட்ச்சும் பாக்கலண்ணே" என்றான்.

அப்போது அவனுக்கு அந்த மேட்ச்சைச் சொன்னேன். ஆடியவனுக்கே சொன்னேன். முதல் விசிலிலிருந்து சொன்னேன், வெயில் எந்தப் பக்கம் என்பது உட்பட. அவனும் முறைப்படி கேட்டான், நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நெட்டையன் முட்டிய பந்து வந்த இடத்தில் பந்தை விட்டுவிட்டேன், நான் அதைப் பார்க்கவில்லையே. வேப்பமரம், சுவர், திரும்பிய முகம், விரிந்த கை, சிரிப்பு. பார்த்ததைச் சொன்னேன்.

ராஜவேலு கோணல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப பாத்துட்டாரு" என்றான்.

ஒன்றும் மிச்சமில்லை இப்போது. நாங்கள் ஆடிய மைதானத்தைச் சுரங்கம் வளர்ந்து வந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்றால் மேலே கட்டிடம் எழும்பியது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோல் கம்பம் நின்ற மண்ணே இல்லை, அதற்கடியில் இருந்த கரியும் இல்லை. எரிந்து, மின்சாரமாகி, யார் வீட்டு விளக்காகவோ எரிந்து முடிந்தும் விட்டது. டீக்கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். ஆரோக்கியசாமி இல்லை. ராஜவேலு இருக்கிறானா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மேல் வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கொச்சி ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து சொல்லு என்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் நேரில் பார்க்கவில்லை, என்னிடம் போனும் அப்படிப்பட்டது இல்லை. அவன் சொன்னால், முடிவு தெரியாதவன் மாதிரி உட்கார்ந்து கேட்க எனக்கு இன்னும் வரும்.

கீழே மோட்டார் நின்றது. எழுந்து உட்கார்ந்தேன்.